வீரணன் மாமாவின் இடது கன்னம்

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. குலசாமி புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதேபோல் இருக்க வேண்டும். உடம்பைத்தான் சொன்னேன். மனசு கொதித்துக்கொண்டு கிடக்கிறது, கொதிக்க வைத்தவள் நீ. போனில் கேட்டால் மீட்டிங் என்பாய், இல்லையென்றால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மாமா மகன் கார்த்தி இதைப் போட்டோ பிடித்து அனுப்புவான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். போடிமெட்டுப் பக்கம் மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ஏலத் தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரம், காலையில் ஜீப்பில் இடம் பிடிக்கப் பெண்கள் சண்டை போடுகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொள்கிறார். பேத்தியின் காதுகுத்துக்குப் பந்தல் சொல்லியாயிற்று, சமையலுக்கு முனீஸ்வரி ஒத்துக்கொண்டாள், பத்திரிகையும் அடித்து வந்துவிட்டது. எல்லாம் தயார், பிள்ளையை வைத்துக் காது குத்தத் தாய்மாமன் மடிதான் இல்லை. உனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது, முறைக்கு என் தம்பி வீரணன்தான் உட்கார வேண்டும். அவன் மாட்டேன் என்கிறான். ஏன் என்று கேள்.

காலேஜில் படிக்கும்போது ஊரில் லட்சணமாக இருக்கிற ஆம்பிளைகளை எல்லாம் பென்சிலில் வரைந்து தள்ளினாயே, வயசுப்பிள்ளைக்கு என்னடி ஆம்பிளைப் படம் என்று நான்கூட வைதேனே, அதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக் கலர் கொடுத்துப் பழையதும் புதியதுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறாய். கார்த்திதான் காட்டினான். டீக்கடை வேலுச்சாமியை நடிகர் மாதிரி ஆக்கியிருக்கிறாய், மனுசன் அதைக் கடையில் ஒட்டிவைத்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுகிறார். அவர் சம்சாரம், "இந்த ஆளு எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லுங்க, வெரசாப் போயிப் பாத்துட்டு வர்றேன்" என்கிறாளாம். அதுவரைக்கும் நானும் சிரித்தேன். அடுத்த படம் வீரணன். சிரிப்பு நின்றுபோய்விட்டது.

அவன் கன்னம் எப்படி ஆனது என்று உனக்குத் தெரியாதா? ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் அடுப்புக் கதவைத் திறந்தபோது தீ அடித்து இடது பக்கம் மொத்தமும் வெந்து, காது பாதியாகச் சுருங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த கார்த்தி அப்பன் மடிக்குப் போகாமல் அலறினான். அன்றைக்குத் தலையோடு கன்னத்தைச் சேர்த்துத் துண்டைக் கட்டியவன்தான், வருசக்கணக்கில் அவிழ்க்கவில்லை. ஸ்டோர் வேலையை விட்டு ஜீப் ஓட்டப் போனதுகூட, ஆட்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் உட்காருவார்கள் என்றுதான். நாங்கள் யாரும் அவனிடம் துண்டைப் பற்றிப் பேச மாட்டோம். நீ பேசினாய். துண்டை எடு மாமா, வரையப்போகிறேன் என்றாய். "அந்தப் பக்கம் வேணாம் ஆத்தா, இந்தப் பக்கமா வரைஞ்சுக்க" என்று கெஞ்சினான். இந்தப் பக்கத்தில் எல்லாரையும் போலத்தான் இருக்கிறாய், அந்தப் பக்கம்தான் மாமா அழகு என்று சொல்லி, சுருங்கின காதைக்கூட விடாமல் வரைந்தாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அழுதேன், அதை உன்னிடம் சொன்னதில்லை. அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஜீப்பில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினான். துண்டு தோளுக்கு இறங்கியது. என் மருமகள் வரைந்தது என்று சொல்லிச் சொல்லியே தோட்டத்துப் பெண்களின் காதைப் புளிக்க வைத்தான்.

அந்தப் படத்தில்தான் கன்னத்தை வழித்துத் துடைத்திருக்கிறாய். முழுக் காது வைத்துக் கடுக்கன் வேறு போட்டுவிட்டிருக்கிறாய். சாயம் ஏற்றின ஏலக்காய் மாதிரி இருக்கிறது. அதுகூடப் போகட்டும், கீழே என்ன எழுதினாய்? அன்றைக்குக் கை பழகாமல் விட்ட குறைகளை இப்போது சரிசெய்துவிட்டேன் என்று. எது குறை பானு? யார் முகத்தில் யார் விட்ட குறை?

இதில் கார்த்தி வேறு விவரம் புரியாமல், அத்தாச்சி போட்டது ஜோராக இருக்கிறது என்று அதையே விசேஷத்துக்கு பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டான். தாய்மாமன் படம் பெரிதாக நடுவில். வாங்கிவர வீரணனே போயிருக்கிறான். கடைக்காரர் பிளெக்ஸை விரித்துக் காட்டி, "தாய்மாமனே நேர்ல வர்றதாச் சொன்னாங்க, நீங்க யாருண்ணே, டிரைவரா?" என்று கேட்டிருக்கிறார். அவர்மேல் என்ன தப்பு, படத்தில் இருக்கிறவன் வேறு, எதிரே நிற்கிறவன் வேறு. இவனும் ஆமாம் டிரைவர்தான் என்று சொல்லிச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வந்து பிளெக்ஸை மூலையில் சாத்தினான், ஜீப்பில் இருந்த ஜெராக்ஸைக் கிழித்தான், துண்டை எடுத்துக் கன்னத்தோடு கட்டினான். நான் கத்தினேன், அப்பா கத்தினார், கார்த்தி காலில் விழுந்தான். வீரணன் சிரித்துக்கொண்டே, "காது குத்துற விசேசத்துக்கு ஒத்தக் காதுக்காரன் எதுக்குக்கா? பெத்த பிள்ளையே அன்னைக்கு அழுதுச்சு, இது வெளிநாட்டுல வளந்த பிள்ளை, பயந்துக்கிரும். கார்த்தி மடியில வச்சுக் குத்துங்க" என்றான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அவன் மடியில் இல்லாவிட்டால் காதுகுத்து கிடையாது, பத்திரிகை அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும், நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். படத்தை எடுத்துவிடுகிறேன் அம்மா என்று எனக்கு மெசேஜ் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே அவன் கேட்டான், "ஏங்க்கா, அன்னைக்கு வரையிறப்பவும் பானுவுக்கு இது அசிங்கமாத்தான் தெரிஞ்சிருக்குமோ? எம் மனசு நோகக் கூடாதுன்னு சும்மா சொல்லிருக்குமோ?" போடா கிறுக்கா என்று வைதேன். அதற்குமேல் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஜீப் எடுப்பதில்லை, வீட்டில்தான் இருப்பான். வீடியோவில் கூப்பிடு, பேத்தியையும் மடியில் வைத்துக்கொள், மாமனின் முகத்தை அவள் முழுசாகப் பார்க்கட்டும். குளிருக்கு அவள் காதை மூடிவை, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீரணனுடைய அக்கா
சந்திரவல்லி