தூங்கும் கிருமிக்குச் சர்க்கரை

நாள் 212. காலை 7.10
பூமியைச் சுற்றும் ஆய்வுக்கூடம். சூடு முப்பத்தேழு. கிருமி வளர்க்கும் தட்டு நாற்பதும் சரி. எனக்கு எழுத்துத் தெரியாது. கொம்பையா ஆகிய நான் சொல்கிறேன், இயந்திரம் எழுதிக்கொள்கிறது. மற்றவர்கள் போன மாதம் இறங்கிவிட்டார்கள். தட்டு கழுவவும் கிருமிகளுக்குத் தீனி வைக்கவும் நான் மட்டும். எதில் எது என்று மனதில் இருக்கிறது.
பதினேழாம் தட்டில் இருப்பது என் மகள் பேச்சியைக் கொன்றது. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, மூன்றாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில். கடைசியாக ஒரு வாய் மோர் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுக்க விடவில்லை.

நாள் 215. பகல் 11.40
கீழே டாக்டர் பர்வீன் வடிவமைத்த மருந்தை இங்கே இயந்திரம் கலந்து தந்தது. கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டே வளருமாம். மருந்து போய்க் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் பாதியில் நிற்கும், உள்ளழுத்தம் தாங்காமல் கிருமி வெடிக்கும்.
பதினேழில் சொட்டு விட்டேன். ஆறு மணி நேரம் உருப்பெருக்கியை விட்டு நகரவில்லை. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

நாள் 216. காலை 9.05
கீழிருந்து டாக்டர் பர்வீன் கேட்டதும் என் பதிலும்:
"அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. பதினேழுக்குத் தீனி வச்சியளா?"
"வைக்கல தாயி. மூணு வாரமாப் பட்டினி. எம் மவளக் கொன்னதுக்கு நான் சோறு வேற போடணுமோ?"
"கெடுத்தியளே! பட்டினி கெடந்தா அது தூங்கிரும். தூங்குறவன் சுவரு கட்டுவானா? சும்மா கெடக்குற கையப் பிடிச்சு மருந்து என்ன செய்யும்?"
"அப்ப அதைக் காப்பாத்துனதே நாந்தானா?"
"பின்ன? தாலாட்டுதான் பாடல நீங்க."

நாள் 218. மாலை 4.20
சர்க்கரைக் கரைசல் ஊற்றினேன். என் கையால். தின்றது, பெருகியது. பிறகு மருந்து. ஒவ்வொன்றும் உப்பி, ஒரு பக்கம் பிதுங்கி, கிழிந்தது. கண்ணை எடுக்கவில்லை. நெடுநாளுக்குப் பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

நாள் 221. காலை 10.30
இறங்குவதற்கு முன் எனக்குச் சோதனை. அதே கிருமி என் நெஞ்சிலும் இருக்கிறது. பேச்சியின் கட்டிலோரம் இருந்த நாளிலிருந்தே தூங்குகிறதாம்.
"தூங்கட்டும் அண்ணாச்சி. உங்க ஆயுசுக்கும் தூங்கும். எழுப்புனா மருந்து முந்துமா, அது முந்துமான்னு சொல்ல முடியாது. பேசாம கீழ வாங்க."
பேச்சியைக் கொன்றது என் மூச்சுச் சூட்டில் சுகமாகப் படுத்திருக்கிறது. நான் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டுமாம்.

நாள் 222. பகல் 1.15
சர்க்கரைக் கரைசலை ஆவியாக்கி நெஞ்சுக்குள் இழுத்தேன். மூன்று முறை.

நாள் 223. பகல் 2.40
காய்ச்சல் நூற்று நான்கு. எழுந்துவிட்டது. சுவர் கட்டுகிறது. மருந்து ஊசியில் ஏற்றி வைத்திருக்கிறேன்.
"இப்பப் போடுங்க அண்ணாச்சி! இப்பவே!"
கொஞ்சம் பொறு தாயி. எல்லாம் எழவில்லை. ஒன்றிரண்டு இன்னும் படுத்திருக்கிறது.

நாள் 223. பகல் 3.55
இருமினால் ரத்தம். ஊசி கையில்தான் இருக்கிறது. விரல் மடங்கவில்லை.
"அண்ணாச்சி? கேக்குதா? ஊசியப் போட்டியளா?"
இன்னும் ஒன்று தூங்குகிறது. எனக்குத் தெரியும். தின்னு. எழுந்து தின்னு. ஒன்றைக்கூட விட்டு