ஜெசியின் கறுப்புக் கட்டங்கள்

10.12.1998, வியாழன்

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு என் வீட்டுக்காரர் அருளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. இந்த நோட்டிடமும் கேட்டுக்கொள்கிறேன். மணி ஒன்றரை. ஐந்து வாரப் பிள்ளை ஜெசி, மடியில் கண்ணை உருட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

இன்று ராஜப்ரியா வந்தாள். எம்.எஸ்ஸி.யில் எனக்கு அடுத்த ரேங்க். இப்போது மதுரையில் எலிகளை வைத்து ஆராய்ச்சி.

"கண்ணுக்கு ரெண்டு வேலைண்ணே. ஒண்ணு, பாக்கிறது. இன்னொண்ணு, இது பகலு, இது ராத்திரின்னு உடம்புக்குச் சொல்றது. அந்த ரெண்டாவது வேலைய எந்தச் செல் செய்யுதுன்னுதான் தேடுறோம்."

"அப்ப பார்வ போன எலிக்கும் விடிஞ்சது தெரியும்ங்கிறீக?" என்றார் அருள், வாயைத் திறந்தபடி. கணக்கு வாத்தியார். என்னிடம் ஒரு நாளாவது எலியைப் பற்றிக் கேட்டிருப்பாரா? அவளுக்கு இரண்டு தடவை டீ போட்டார்.

அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கண்ணின் குறுக்குவெட்டை, விழித்திரையின் அடுக்குகள் உட்பட, வரைந்து கொடுத்தது நான். அந்த மதுரை இன்டர்வியூவுக்கு எனக்கும்தான் கடிதம் வந்தது. அன்று மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் போனாள்.

கிளம்பும்போது, பிள்ளைக்குப் பகலும் ராத்திரியும் எப்போது பழகுகிறது என்று பார்க்க ஓர் அட்டவணை கொடுத்தாள். நாளுக்கு ஒரு வரி, மணிக்கு ஒரு கட்டம். பிள்ளை தூங்கினால் கறுப்பு, விழித்தால் வெள்ளை. "நாலு வாரம் போதும்டி யூஜினியா. உன்ன மாதிரி சுத்தமா எழுத ஆளு கிடையாது."

சுத்தமா எழுத. அதுக்கு மட்டும் நான்!

14.12.1998

அட்டவணை அரிசி டின்மேல் கிடக்கிறது. கிடக்கட்டும்.

25.12.1998

நடுராத்திரிப் பூசை. கோயில் முழுக்க நட்சத்திர விளக்கு. அருளின் தோளில் ஜெசி கண் கொட்டாமல் பார்த்தாள். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு மெர்சி அக்கா, "ஊரே தூங்கி விழுகுது, உன் மக சாமியாருக்கே காவல் இருக்காளேடி!" என்றார். சிரித்துவிட்டேன். ப்ரியாவுக்குப் போடும் புத்தாண்டு அட்டையில் இதையும் எழுதினேன்.

10.1.1999

ஒரே மூச்சில் இருபத்தெட்டு வரியையும் நிரப்பித் தபாலில் போட்டுவிட்டேன். ஞாபகத்திலிருந்து இல்லை. ஆசையிலிருந்து. ராத்திரி ஒன்பது முதல் ஐந்து வரை எல்லாம் கறுப்பு. ஒரு கோடுகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை.

அவளுக்கு ஆராய்ச்சி இருக்கிறது. எனக்கு ஒரு பிள்ளை. அதையும் தூங்கவைக்கத் தெரியாதவள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்கணுமா?

21.1.1999

ப்ரியாவின் கடிதம். இவ்வளவு சின்னப் பிள்ளை இத்தனை ஒழுங்காகத் தூங்கி யாரும் பார்த்ததில்லையாம். மார்ச்சில் ஒரு கருத்தரங்கில் ஜெசியின் அட்டவணையைக் காட்டப்போகிறாளாம். 'ஒரு சந்தேகம். டிசம்பர் 24 நடுராத்திரிக் கட்டம் கறுப்பு. உன் அட்டையில் பூசையில் விழித்திருந்தாள் என்று இருக்கிறதே. எது சரி?'



22.1.1999

அருளிடம் காட்டினேன். "ஒத்தக் கட்டந்தானே? அத வெள்ளையாக்கிக்கன்னு எழுதிப் போட்டாப் போச்சு."

"கணக்கு வாத்தியார் பேசுற பேச்சா இது?"

"வாத்தியாருங்கிறதாலதான் சொல்றேன். பாதிப் பய அப்படித்தான் பாஸாகுறான்."

"ஒண்ணு இல்லங்க. எல்லாமே பொய்."

கடிதத்தை வாங்கி மறுபடி படித்தார். பிறகு, "அப்ப அந்தப் புள்ள மேடையேறி உன் பொய்யச் சொல்லுமா?"

சொல்லட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் — ஒரு நிமிஷமா? இப்போது வரைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அட்டையில் எழுதியது விளையாட்டுக்கு, அட்டவணைதான் சரி என்று ஒரு வரி போட்டால் போதும். எல்லார் முன்னாலும் அவள் முகம் என்ன ஆகும்? நினைக்க இனிக்கிறது. ச்சீ.

மணி ஒன்று. ஜெசி விழித்திருக்கிறாள். வேறு தாளில் அதே மாதிரிக் கட்டங்கள் போட்டேன். முதல் கட்டம் — வெள்ளை.

29.1.1999

பால் சிந்தி இரண்டு வரி கலங்கிவிட்டது. அப்படியே விட்டேன்.

4.2.1999, வியாழன்

பகல் பத்து மணிக்கு எழுதுகிறேன். ஜெசி என் எதிரே காலை உதைத்து விளையாடுகிறாள். தபாலில் போகும் கடிதத்தின் நகல்:

'ப்ரியா, நான் அனுப்பிய அட்டவணையைக் கிழித்துப் போடு. ஒரு கட்டம்கூட உண்மையில்லை. உன்மேல் இருந்த பொறாமையில் செய்தேன். இரண்டு வாரமாக இதைச் சொல்லாமலும் இருந்தேன். அதுவும் பொறாமைதான். இன்னும் முழுசாகப் போகவில்லை.

இத்துடன் இருப்பது நிஜம். பதினாலு நாள். கறை பால்கறை. வெள்ளைக் கட்டங்களைப் பார். படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. தினமும் முக்கால் மணி தள்ளித் தள்ளி, ராத்திரி ஒரு மணிக்கு இருந்த விளையாட்டு இப்போது காலை பத்துக்கு வந்துவிட்டது. எப்போதும் ராத்திரிதான் விழிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நான் தூங்காத ராத்திரிகள் மட்டும்தான் என் ஞாபகத்தில் நின்றிருக்கின்றன.

இப்படியே போனால் மறுபடி ராத்திரிக்கே போய்விடுவாளா? காலை வெயிலில் தூக்கி வைத்திருந்தால் இங்கேயே நிற்பாளா? உன் இரண்டாவது வேலைச் செல் ஜெசிக்கு இன்னும் பழகவில்லையா?

இதை எங்காவது காட்டினால், பதிவு செய்தது யூஜினியா என்று போடுவாயா?

சீக்கிரம் பதில் போடு.'