குமிழி ஒட்டிய துளி

இன்று காலை நம் இரண்டு காந்தங்களுக்கும் நடுவே என் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. அலமாரியை ஒழிக்கும்போது, நடுவில் நீ வைத்திருந்த மரக்கட்டையை யோசிக்காமல் உருவிவிட்டேன். டப்பென்று ஒட்டிக்கொண்டன. அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் நான் போட்ட கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. இழுக்க இழுக்க வலிதான் கூடியது. அப்போதுதான் உன் குரல் நினைவுக்கு வந்தது. "இழுக்காதடி. மேசை ஓரத்துல வச்சு சைடுல தள்ளு லா."

தள்ளினேன். விரல் வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன், வலிக்காக மட்டுமல்ல.

ஆய்வகத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. ஒத்த முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி காந்தங்களை மேலும் கீழும் பொருத்தி, நடுவில் மாங்கனீஸ் உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயை வைப்போம். அதில் விட்ட துளி மேலேயும் போகாது, அடியிலும் விழாது, அந்தரத்தில் நிற்கும். நீல விளக்கைப் போட்டால் பாலிமராக இறுகும். இறுக இறுக அடர்த்தி கூடி, மெல்லக் கீழே வரும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு பாலிமர் உருவாகியிருக்கிறது என்று கணக்கு. நீ அதற்குக் கமெண்டரி கொடுப்பாய். "இறங்குறாரு, இறங்குறாரு... நாம ரொட்டி சானாய் சாப்ட்டு வர்றதுக்குள்ள கீழ போய் உக்காந்துருவாரு!"

நீ மருத்துவமனையில் சேர்ந்த வாரம் ஒரு துளி பாதி வழியில் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் அசையவில்லை. வினை நின்றுவிட்டது என்று எழுதிவிட்டுத் துளியைக் கழிவுப் புட்டியில் கொட்டினேன். இப்படிப் பாதியில் நிற்கும் வினையை யாரும் பார்த்ததில்லை என்று பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இதாம்மா உன் தீசிஸ். இன்னும் ரெண்டு தடவ செஞ்சு காட்டு," என்றார்.

போனில் எடுத்திருந்த அந்தத் துளியின் படத்தைப் பெருமையாக உன்னிடம் காட்டினேன். மூக்கில் குழாயோடு நீ போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய்.

"எரும. மேல பாரு, காத்துக் குமிழி ஒட்டியிருக்கு. அதான் தூக்கிப் புடிச்சிருக்கு. தட்டி விட்டிருந்தா இறங்கியிருக்கும். சார்ட்ட சொல்லிரு லா."

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றானது.

மறுபடி செய்தால் துளி இறங்கிவிடும். வேறு யாரும் செய்து பார்த்துவிடக் கூடாதென்று காந்தங்களை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், ஓட்டை இருக்கிறதா என்று கையுறைகளில் நீர் நிரப்பிப் பார்க்கிறேன். "எப்பம்மா முடிப்பே?" என்று பேராசிரியர் செய்தி அனுப்பும்போதெல்லாம் ஒரே பதிலைத் தட்டி அனுப்புகிறேன். "அடுத்த மாசம் சார்." அம்மாவோ மகள் டாக்டராகப் போகிறாள் என்று மாடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். முடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உன்மேல் கோபம்கூட வந்தது. அந்தப் படத்தை ஏன்தான் பெரிதாக்கிப் பார்த்தாயோ!

இன்று கட்டுப்போட்ட விரலோடு அதே படத்தைத் தேடி எடுத்தேன். குமிழியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். "சார், வினை நிக்கல. இது குமிழி. எனக்கு அப்பவே தெரியும்." அனுப்பிவிட்டேன். அவர் படித்துவிட்டார் என்று நீலக் குறி விழுந்து இரண்டு மணி நேரமாகிறது. பதில் இல்லை.

உன் மரக்கட்டையைக் காந்தங்களுக்கு நடுவே வைக்கவில்லை. கைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நீ சொன்னபடி தட்டி விட்டேனடி. இறங்கிக்கொண்டிருக்கிறேன். கமெண்டரி கொடுக்கத்தான் நீ இல்லை.