பின்பெட்டியில் ஊற்றிய அரை டின்

அன்பு மகன் லியோனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபத்தில் கேட்கிறோம். நல்லபடியாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ போன் போடும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேனே, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல முடியாததை எழுதி, திங்கட்கிழமை அங்கே திரும்புகிற ஆரோக்கியராஜ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போடச் சொன்னால் என்னை முறைக்கிறாள். மழை இரண்டு முறை ஏமாற்றிவிட்டு மூன்றாம் முறைதான் பெய்தது.

நம் டிராக்டர் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது என்று சொன்னபோது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, டிசம்பரில் வந்து நானே பிரிக்கிறேன், அதுவரை எதையும் ஊற்றாதீங்கப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். டீசல் இன்ஜினோடு தினம் மல்லுக்கட்டுகிறவன் நீ, நான் கேட்டிருக்க வேண்டும். மழை விழுந்ததும் உழவுக்கு ஆள் மேல் ஆள் வந்து நின்றார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. அதியமான்கோட்டை ரோட்டோரக் கடையில் ஒருவன் சின்ன மெஷின் வைத்திருந்தான். சுற்றுகிற இரும்பு வளையத்தின் மேல் இன்னொரு இரும்பை அழுத்தினான், சாதா ஆயிலில் கிறீச்சென்று நின்றுபோனது. பிறகு ஆயிலில் கலக்கிற மருந்து என்று அவன் விற்கிற டின்னிலிருந்து கொஞ்சம் விட்டான், எவ்வளவு அழுத்தினாலும் சத்தமே இல்லாமல் ஓடியது. கண்ணால் பார்த்த பிறகு உன் பேச்சு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு டின் வாங்கிவந்து பாதியை இன்ஜினில் ஊற்றினேன், பத்து நாள் இன்ஜின் சாதுவாக ஓடியது. வெளிநாட்டுக்குப் போனவன் சொல்வதெல்லாம் வேதமா என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். பதினோராம் நாள் பழைய புகை திரும்பி வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மீதிப் பாதியை வீணாக்குவானேன் என்று, கியர் இருக்கிற பின்பெட்டி ஆயிலில் ஊற்றிவிட்டேன், கியரும் வழவழவென்று விழட்டும் என்று. பிரேக் தகடுகளும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும், ஆனால் நினைக்கவில்லை. மறுநாள் நம் ஊர் மாதையனின் காட்டு நிலத்தில் உழவு. ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது அவன் காட்டு வாசல் படலைத் திறக்க முன்னால் நடந்துபோனான். நான் கிளச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். மிதி இறங்கியது, வண்டி நிற்கவில்லை. கத்தினேன், அவன் திரும்புவதற்குள் முன்சக்கரம் அவன் காலைப் படல் கட்டிய கல்தூணோடு வைத்து நசுக்கிவிட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பார்த்துவிட்டு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டில் உழைக்கிற ஆள் அவன் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும்.

நல்லம்பள்ளி மெக்கானிக் சென்றாயன் வந்து பின்பெட்டி ஆயிலை இறக்கினான். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்கு உரசல் குறையணும்ங்க, பிரேக்குக்கு உரசல்தாங்க பிடிப்பே, இதுல போய் இதை ஊத்தலாமுங்களா என்றான். வெளியில் யாரிடமும் அவன் இதைச் சொல்லவில்லை. மாதையன் அதற்கு முன்பே போலீசில், நானே கால் வழுக்கிச் சக்கரத்துல விழுந்துட்டனுங்க என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்கு ஒன்றும் வரக்கூடாது என்று சொன்ன பொய் அது. இப்போது நான் போய் உண்மையைச் சொன்னால் அவன்தான் பொய்யன் ஆவான்.

அவனிடமாவது சொல்லிவிடலாம் என்று முந்தாநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அமுதவல்லி காப்பி கொடுத்தாள். அவனோ, காலு ஆறட்டும்ணா, மறு உழவும் நீங்கதான் ஓட்டணும் என்றான். அதைக் கேட்டபின் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றே ஒன்று கேட்டான், லியோன் தம்பி வேணாம்னு சொல்லுச்சுங்களாண்ணா என்று. ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் எழுந்து வரும்வரை திரும்பவில்லை.

மீதி டின்னைப் பின்பெட்டியில் ஊற்றிய விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, அவளிடம் பேசும்போது கேட்டுவிடாதே. டிராக்டரைப் பிரிக்க என்று நீ லீவு போட்டு வர வேண்டாம், நான் இனி அதன் மேல் ஏறப்போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. தேவமாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும்.

இதைப் படித்ததும் நீ போன் போடுவாய், எடுக்கிறேன். உங்க தப்பு இல்லப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. ஊரெல்லாம் அதைத்தான் சொல்கிறது, அவர்களுக்குத் தெரியாது. வேலை தெரிந்த நீ சொன்னால் என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா
யாகப்பன்