நாலு அங்குலப் பச்சை ஒயர்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பேனல் பெட்டியை உள்சுவரில் மாட்டி முடித்தேன். டிரில் பிட் இரண்டு உடைந்தது. தாடை வீக்கம் குறையவில்லை. கஞ்சி மட்டும்.

ஞாயிறன்று தம்பி கதிரேசன் கடப்பாரையால் என் கேமராவை உடைத்தான். தடுக்கப் போனேன். கடப்பாரையின் பின்பக்கத்தால் வாயில் ஒரு இடி. முன்பல் ஒன்று போயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள எட்டடிச் சந்து பொது வழி என்கிறான். பத்திரம் என் பெயரில். அவன் லோடு வண்டி என் ஜன்னலை உரசிக்கொண்டுதான் போக வேண்டுமாம்.

வைஃபை கேமரா வெறும் பொம்மை. நெட் போனால் குருடு. இனி பி.எல்.சி. தொழிற்சாலை மிஷின்களை ஆட்டிவைக்கும் மூளை. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை எடுத்துவந்து சரிசெய்தேன். பத்தொன்பது வருடம் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இதனோடுதான் குப்பை கொட்டினேன். தூசி, சூடு, எண்ணெய், எதற்கும் அசையாது. சொன்னதை மட்டும் செய்யும். மனிதரில் அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

இணைப்புகள்:
1 – முன்கதவு
2 – கொல்லைக் கதவு
3 – மாடிப்படி
4 – சந்து கேட், ஒளி சென்சார்
5 – கேட் மோட்டார்
6 – சைரன் (ஹார்ன் மாற்ற வேண்டும், தொண்டை கட்டினது போல் இருக்கிறது)

மனைவி செல்வி வந்து பார்த்தாள். "ஒங்க தம்பி ஒருத்தருக்கு இம்புட்டு ஒயராங்க?"

"என் பல்லைக் கொண்டாந்து குடு. எல்லாத்தையும் கழட்டிடுறேன்."

அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. சந்தின் வாயில் இழுவை கேட் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. முந்நூறு கிலோ இரும்பு. தூணில் ஒளி சென்சார். குறுக்கே எது வந்தாலும் கேட் நின்றுவிடும். என் கையையே வைத்துப் பார்த்தேன். பத்து முறை. பத்து முறையும் நின்றது.

கூட வேலை பார்த்த பாண்டியின் ஞாபகம். எங்கள் பிரஸ்ஸிலும் இதே சென்சார்தான். உள்ளே கை இருந்தால் பிரஸ் இறங்காது. வேலை தாமதமாகிறது என்று மேனேஜர் சென்சாரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டான். அதன்பிறகு கை இருந்தாலும் 'இல்லை' என்றே மிஷினுக்குப் போகும். பாண்டியின் மூன்று விரல், தகட்டோடு தகடாக. நான் புகார் எழுதிக் கொடுத்தேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவதற்குள் மேனேஜர் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என் கண்ணால் பார்த்தேன். "நல்லாத்தானே சார் வேலை செய்யுது, பாருங்க" என்று தன் கையையே வைத்துக் காட்டினான், நாய். பொய்ப் புகார் என்று என்னை வெளியே தள்ளினார்கள். ஏழு வருடம் ஆகிறது. இன்றும் அவன் தலையை அந்தப் பிரஸ்ஸில் வைத்து மிதியை மிதிக்கக் கால் துடிக்கிறது. மெதுவாக மிதிக்க வேண்டும்.

செல்விக்கு இந்தக் கதை மனப்பாடம். நான் வாயைத் திறந்தாலே, "சட்டப்பையில போட்டுக்கிட்டான்" என்று அவளே முடித்துவைப்பாள்.

நவம்பர் 7, வெள்ளி

சுள்ளென்று வெயில். தம்பி சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டான். சென்சாருக்கு நேரே ஒரு ஹாலோபிளாக் கல். கேட் பாதியில் நின்றது. லோடு வண்டி போனது, வந்தது, மறுபடி போனது. டீக்கடையில் நாலு பேர் வேடிக்கை.

"என்னண்ணே, இம்புட்டுப் படிச்சும் ஒம் மிஷினு ஒரு கல்லுக்கு நின்னுபோச்சே! அதுக்கு ஒரு டீ சொல்லவா?"

சிரிப்பு. கல்லை எடுத்து எறிந்தேன். அவன் தோளில் பட்டது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து என்னைச் சுவரில் மோதினான். பின்மண்டையில் ரத்தம். டீக்கடைக்காரர் ஓடிவந்து விலக்கினார். "கூடப் பொறந்தவங்களாய்யா நீங்க? அங்கிட்டுப் போங்கய்யா ரெண்டு பேரும்."

மாலை 3 மணி. நாலு அங்குலப் பச்சை ஒயர். சென்சாரின் இரண்டு முனைகளையும் இணைத்தேன். தற்காலிகமாகத்தான். மோட்டார் விசையை முழுதாக ஏற்றினேன். ஒரு கரும்பை வைத்துச் சோதனை. சாறு தூணில் தெறித்தது.

செல்வி வாசலில் நின்றிருந்தாள். "நம்ம ஆளு யாராச்சும் மாட்டுனா?"

"பட்டன் என் கையிலதானே இருக்கு."

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். ரேஷனில் பருப்பு வரவில்லை. பல் டாக்டர், இரண்டு தையல். தம்பியைக் காணோம். ஏமாற்றமாக இருந்தது. வரட்டும். எலும்பு நொறுங்கும் சத்தமும் கரும்பு மாதிரிதான் இருக்குமா? யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆறு நாள் கழித்துச் சோறு. இரண்டாம் தடவையும் போடச் சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கா. 10. கடப்பாரையோடு வந்தான், கேட்டைத் தண்டவாளத்திலிருந்து நெம்பித் தள்ள. கேட் பாதி திறந்திருந்தது. "வாய்யா வெளிய! இன்னைக்கு ஒன் கேட்டும் இல்ல, நீயும் இல்ல!" இடது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஜன்னலிலிருந்து கை நன்றாகத் தெரிந்தது.

அழுத்தினேன்.

முழங்கைக்குக் கீழே. கரும்பு மாதிரி இல்லை. ஈரத்துணி கிழிகிற மாதிரி.

"அண்ணே! எடுண்ணே! அண்ணே!"

நாலு விநாடி நின்றேன். எண்ணினேன். பிறகு சிவப்பு பட்டன். அதை அழுத்தினால் மின்சாரம் அறுந்து எல்லாம் இருந்த இடத்தில் நிற்கும். தொழிற்சாலைப் பழக்கம், அப்படித்தான் அமைத்திருந்தேன். கேட் நின்றது, கையைக் கவ்வியபடி. பின்னால் போகவில்லை. மறுபடி இயக்க பேனல் சாவி வேண்டும். தம்பிக்குக் கிடைக்கக் கூடாதென்று ஒளித்த இடம் எனக்கே மறந்துவிட்டது. ஓடிப்போய் அவன் கடப்பாரையை எடுத்து நெம்பினேன். செல்வியும் என்னோடு. வாந்தி எடுத்தான், என் சட்டை மேல். மறு கையால் என் கழுத்தைப் பிடித்திருந்தான். நெரிக்கவா, விழாமல் இருக்கவா, தெரியவில்லை.

108 வந்தது. செல்வி கூடப் போனாள்.

மா. 4. ஏட்டு வருவதாக போன். சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. பேனலைத் திறந்து பச்சை ஒயரைப் பிடுங்கினேன்.

ஏட்டு வந்தார். குறுக்கே கையை வைத்துக் காட்டினேன். கேட் நின்றது.

"நல்லாத்தானே நிக்குது. பெறகு எப்படிங்க மாட்டுச்சு?"

"கடப்பாரையால நெம்புனான் சார். அதுல சென்சார் அசைஞ்சிருக்கும்."

எழுதிக்கொண்டார். தூணில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை. தூணைக் கழுவும் வேலை மிச்சம். கா. 6க்கு செல்வி பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்தாள். முழங்கையோடு எடுத்துவிட்டார்களாம்.

"ஏதாச்சும் சொன்னானா?"

"கேட்டு தானா மூடுச்சா, அண்ணன் மூடுனாரான்னு கேட்டாரு."

"நீ?"

"தெரியலன்னேன்."

ரத்தச் சட்டையை ஊறப்போட எடுத்தாள். வழக்கம்போலப் பைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இந்த நோட்டின் மேல் வைத்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"சட்டப்பையில போட்டுக்கிட்டான்" என்றாள்.