கடல் பஞ்சும் இரண்டு பூப் பொட்டலங்களும்

மச்சான்,

இன்று காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு மீன் லாரி வந்து நின்றது. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் நகரவில்லை. என் அக்கா மகளின் ஆய்வகத்திலும் இதே கவிச்சிதான். பஸ் போய்விட்டது, போகட்டும். கிணத்துக்கடவில் இறங்கினால் எனக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சொல்லித்தர இனி ஒன்றும் மிச்சமில்லை என்று ஹெட்மாஸ்டரே கைகூப்பி அனுப்பி வைத்ததை உங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல, "அப்புறமுங்க மாப்பிள்ளை?" என்பீர்கள். உங்கள் தங்கையும் போய்ச் சேர்ந்த பிறகு, என்னை அப்படிக் கேட்க நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

உங்கள் நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். நெஞ்சில் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நீங்கள் தோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். "இடி உழுந்த தென்னையைப் பார்த்திருக்கீங்கல்ல? அப்படிக் கருகிச் சாகோணுமாக்கும்?" என்று கேட்டீர்கள். எதற்கும் ஒரு கதை வைத்திருக்கும் நான், விழுந்து கிடந்த மட்டையைப் பொறுக்கப் போனேன்.

அந்த வாரம்தான் அக்கா மகளைப் பார்க்கப் போனேன். ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் பாறையோடு ஒட்டி வாழும் கடல் பஞ்சு என்ற உயிரியை அரைத்து, அதிலிருந்து பெப்டைடு என்று ஒன்றைப் பிரித்து வைத்திருந்தாள். புரதத்தின் பொடித் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோய் செல்களின் மேல் அதை விட்டு, மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். மருந்து படாத செல்கள் தட்டோடு ஒட்டிப் படர்ந்திருந்தன. பட்டவை சுருங்கி, உருண்டு, பிடி விட்டு மிதந்தன. என் கண்ணால் பார்த்தேன் மச்சான். அது பொய்யில்லை.

"அப்போ மருந்து கெடைச்சாச்சு, கண்ணு!" என்றேன்.

"ஐயோ மாமா! இது கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுங்க. தட்டுல நல்ல செல்லும்தான் சாகுது. ஆளுக்குக் குடுக்க எத்தனை வருசம் ஆகுமோ, ஆகாமயே போனாலும் போகுமுங்க."

உங்களிடம் வந்தபோது அந்தத் தட்டுப் பேச்சை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடலுக்கடியில் ஆள் இறங்கி எடுத்த மருந்து என்றேன். வெளிநாட்டு டாக்டர்கள் என் அக்கா மகள் முன்னால் எழுந்து நின்றார்கள் என்றேன். முதல் பாட்டில் மச்சானுக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டேன் என்றேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டீர்கள்.

மறுநாளே, "கடல் மருந்து வருதுன்னா கரண்டு எதுக்குங்க?" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டீர்கள்.

நாள் ஓடியது. இருமல் கூடியது. அவிழ்த்துவிட்ட பேச்சை எப்படித் திரும்பக் கட்டுவது என்று தெரியாமல் முழித்தேன். உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகு என் பேச்சை எப்போதாவது கேட்பீர்களா? கடைசியில் நீங்களே ஒரு வழி சொன்னீர்கள்: "மாரியம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க. வெள்ளை வந்தா கரண்டு, செவப்பு வந்தா கடல் மருந்து."

ஒன்றில் வெள்ளையும் ஒன்றில் சிவப்புமாக இரண்டு இலைப் பொட்டலம் கட்டும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். கோயிலுக்குப் பின்னால் போய், இரண்டு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்து நூல் சுற்றினேன். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நீங்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். மற்றதை யாரும் பிரிப்பதற்குள் என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அம்மனே சொல்லிப்போட்டா. வாங்க, போலாம்," என்று முதல் ஆளாய் எழுந்தீர்கள்.

கரண்ட் வைத்தார்கள். இருமல் அடங்கியது. ஒரு பொங்கலை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நான் செய்தது சரிதான் என்று மார்தட்டிக்கொண்டேன், மனசுக்குள்ளேயே. அப்புறம் நோய் திரும்பி வந்தது.

நீங்கள் போவதற்கு முன் கடைசியாகப் பார்க்க வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பேச்சு காற்றாக வந்தது. "ஏனுங்க மாப்பிள்ளை, அன்னிக்கு அம்மன் செவப்பைக் குடுத்திருந்தா நான் பொழைச்சிருப்பேனுங்கல்ல? எம்மேல அவளுக்கு என்ன கோவமோ?"

தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போதும் மாதம் ஒரு தடவை அக்கா மகளிடம் போகிறேன். "இன்னும் தட்டுலதானுங்க மாமா," என்கிறாள். அவள் தரும் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கதை எதுவும் வாயில் வருவதில்லை.

அம்மனுக்கு உங்கள் மேல் கோபமே இல்லை, மச்சான். கொடுக்க அவளிடம் சிவப்புப் பூவே இல்லை. வைக்காதவன் நான். ஏனென்றால் உங்களுக்குக் கொடுக்க அந்த மருந்தும் இல்லை. இந்தத் தடவை நானாகக் கட்டிய சொல் ஒன்றுகூட இல்லை.