கேப்டன் கப்பலும் மூன்றாவது தட்டும்

இன்று காலை லீக் டெஸ்ட் தொட்டியைக் கழுவினார்கள். துரு எண்ணெயும் பழைய தண்ணீரும் கலந்த அந்த வாடை ஷெட் முழுக்கப் பரவியதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். டீசல் டேங்கில் ஓட்டை இருக்கிறதா என்று முக்கிப் பார்க்கும் தொட்டி. உனக்கு மட்டும் அது கடல்.

பிள்ளைப்பாக்கத்தில் நம் அறையில் உட்கார்ந்து, கழிவுத் தகட்டை வெட்டி ஒட்டி நீ செய்த கப்பலை அதில்தான் மிதக்கவிடுவாய். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்து கட்டிய இரும்புக் கவசப் போர்க்கப்பல். ‘கேப்டன்’ என்று பெயர். சோறு ஆறுகிறது என்றால் உன் காதில் விழாது. தூத்துக்குடிக்காரனுக்குக் கப்பல் பைத்தியம் இருக்கலாம். மூழ்கிய கப்பல் மேல் என்ன பைத்தியம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

“எதிரி குண்டுக்குத் தப்பணும்னு பக்கத்தத் தாழ்த்தி வச்சான். சுழலுற பீரங்கிக் கூண்டு ரெண்டு. கரி தீந்துட்டா என்ன செய்யன்னு உசரமா பாய்மரமும் நட்டான். கட்டி முடிச்சா நெனச்சதவிடக் கனம். தண்ணியில இன்னும் எறங்கிட்டு” என்பாய்.

முதல் பயணங்கள் நன்றாகவே போயினவாம். பிறகு ஸ்பெயின் பக்கத்துக் கடலில் ஒரு புயல். பாயில் காற்று பிடித்துக் கவிழ்ந்ததில் நூற்றுக்கணக்கான பேர் போனார்கள். கப்பலை வரைந்தவரும் அதில் இருந்தார்.

அப்போது வல்லம் வடகாலில் நம் கம்பெனிக்கு நீ வரைந்த தள்ளுவண்டி தயாராகி நின்றது. டேங்குகளை லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோக இரண்டு தட்டு வைத்து வரைந்திருந்தாய். ஒரே நடையில் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று மேனேஜர் கேட்டார். மூன்றாவது தட்டையும் வரைந்து கொடுத்தாய். வாசல் குறுகல், அதனால் உயரம்தான் கூடியது, அகலம் கூடவில்லை. உன் வேலையும் அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை.

வண்டி ஓடவிருந்த அன்றுதான் கப்பலுக்கு முதல் முறையாகப் பாய்மரம் வைத்தாய். விரலால் அதைத் தள்ளினாய். கப்பல் சாய்ந்தது, எழவில்லை. நீ திரும்பி வண்டியைப் பார்த்தாய்.

“சரிவுல திரும்புறப்ப இது கவிழும்ல” என்றாய்.

வண்டி சரிவில் இறங்கும்போது தாழ்ந்த பக்கம் நின்று தாங்கிப் பிடிக்க வேண்டியவர் லோடு ஏற்றும் ஏழுமலை அண்ணன். கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அவருக்குப் பதிலா நான் நிக்கேன். நான்தான வரைஞ்சேன். அந்தக் கப்பல வரைஞ்சவனும் ஏறித்தான போனான்” என்றாய்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏறிப்போயி இன்னா கிழிச்சான்? ஏறாம நிறுத்தியிருந்தா அத்தினி பேரும் வூட்டுக்குப் போயிருப்பாங்க இல்ல? போய்ச் சொல்லுடா.”

அதற்குள் அண்ணன் வண்டியில் கைவைத்துவிட்டார். நீ மேனேஜரிடம் ஓடினாய். லைனில் வேலை செய்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, “என் டிராயிங் தப்பு சார். பக்கத்துல ஆள் நிக்கக்கூடாது” என்றாய். குரல் நடுங்கியது.

“லோடு ஏத்தினப்புறம் சொல்றியா?” என்றார் மேனேஜர்.

“நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும் சார்.”

அவர் உன்னையே பார்த்தார். கடைசியில் பக்கத்தில் யாரையும் நிறுத்தாமல் வண்டியை ஃபோர்க்லிஃப்டில் கயிறு கட்டி இழுக்கச் சொன்னார். திருப்பத்தில் வண்டி மெல்லச் சாய்ந்து, பிறகு மொத்தமாக விழுந்தது. அண்ணன் நிற்கவேண்டிய இடத்தில் டேங்குகள் குவிந்து கிடந்தன. அவர் கையுறையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வேறு கம்பெனிக்குப் போனாய், போன வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. தூத்துக்குடியில் உன் சவப்பெட்டியைத் தூக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏழுமலை அண்ணன் வந்தார். “நான் தூக்கறேம்பா” என்றார். உன் வீட்டார் யாருக்கும் அவரைத் தெரியாது. ஆனாலும் இடம் விட்டார்கள்.

இப்போது டிராயிங் சரிபார்ப்பது என் வேலை. போன வாரம் தப்பான டிராயிங் ஒன்றை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. எதிரே மேனேஜர், பக்கத்தில் கஸ்டமர். பழகப் பழகத் தைரியம் வரும் என்கிறார்கள், எனக்கு வரவில்லையடா. உனக்கும் அன்று குரல் நடுங்கியதே என்று நினைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன்.